தொடுமொழியும் கருவியும்
இருபுலனற்றோர்க்குத் தொழில்நுட்பம் கற்பித்தல்: கல்முனைக் கரையோரத்தை முன்வைத்து ஒரு நோக்கு

1. பிரச்சினையின் இயல்பு

புலனிழப்பை ஈடுசெய்யும் கருவிகள் பெரும்பாலும் ஓர் எளிய தருக்கத்தின் மீதே எழுப்பப்பட்டுள்ளன. கண் காணாதவருக்குச் செவி துணையாகின்றது. செவி கேளாதவருக்குக் கண் துணையாகின்றது. திரையிலுள்ளதை வாசித்துக் காட்டும் கணினி மென்பொருள் கேட்கும் செவியை வேண்டி நிற்கின்றது. சைகை மொழியோ காணும் கண்ணை வேண்டி நிற்கின்றது. இவ்விரு புலன்களையும் ஒருங்கே இழந்தவர் முன்னிலையில் இத்தருக்கம் முறிந்துவிடுகின்றது. ஓர் இழப்புக்கு ஈடாகக் கொள்ளப்படுவது எதுவோ, அதுவே அவரிடத்தில் மற்றைய இழப்பாக உள்ளது. எனவே இருபுலனிழப்பு என்பது குருட்டுத் தன்மையும் செவிட்டுத் தன்மையும் சேர்ந்த வெறுங் கூட்டற் கணக்கன்று. தனக்கெனத் தனியான கல்வி முறையையும் தனியான கருவிகளையும் வேண்டும் பிறிதொரு நிலையாகும்.

இவர்களை இக்கட்டுரை இருபுலனற்றோர் எனக் குறிப்பிடும். இச்சொல்லாற் சுட்டப்படுவோர் யாவரும் முழு இருளிலும் முழு அமைதியிலும் வாழ்பவரல்லர். சிலருக்குச் சிறிதளவு பார்வையும், சிலருக்குச் சிறிதளவு கேள்வியும் எஞ்சியிருத்தல் கூடும். உலக இருபுலனற்றோர் சம்மேளனம் 2018இல் வெளியிட்ட அறிக்கை, கடுமையான நிலையிலுள்ளோர் மக்கட்டொகையில் 0.2 சதவீதமளவினர் எனவும், மெலிவான நிலைகளையும் சேர்த்து நோக்கின் ஏறத்தாழ 2 சதவீதத்தினர் எனவும் மதிப்பிட்டது. இவர்களை அரிதினும் அரிதான விதிவிலக்காகக் கருதி ஒதுக்குவதற்கு இத்தொகை இடந்தரவில்லை.

ஆயினும் நமது நிறுவனங்களில் இவர்களுக்கு இடம் இல்லை. இலங்கையில் இத்துறையின் முன்னோடியாகிய இரத்மலானைப் பாடசாலை 1912இல் மேரி சப்மன் அம்மையாரின் முயற்சியால் நிறுவப்பெற்றது. அதுவும், யாழ்ப்பாணத்துக் கைதடி நவீல்ட் பாடசாலையும் செவிப்புலனற்றோர்க்கும் விழிப்புலனற்றோர்க்கும் உரியன என்றே பெயர் பெற்றன. இப்பெயர்களில் வரும் ‘உம்’ இருவகை மாணவரை இணைக்கின்றதேயன்றி, இரு இழப்புகளும் ஒருவரிடத்தே கூடியிருத்தலைக் குறிக்கவில்லை. விழிப்புலனற்றோர் வகுப்பில் ஆசிரியர் வாயாற் பேசுகின்றார். செவிப்புலனற்றோர் வகுப்பில் கையாற் பேசுகின்றார். முன்னதைக் கேட்கவும் பின்னதைக் காணவும் இயலாத பிள்ளை இரு வகுப்புகளுக்கும் இடையே காணாமற் போகின்றது.

இந்நிலையில், இருபுலனற்ற ஒருவருக்குத் தொழில்நுட்பத்தைக் கற்பித்தல் என்றால் என்ன, அஃது எங்கிருந்து தொடங்கப்படல் வேண்டும் என்பதை அம்பாறைக் கரையோரத்தின் தமிழ் பேசும் முஸ்லிம் ஊர்களை முன்வைத்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. கரையோரச் சூழல்

மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், ஒலுவில், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று எனத் தெற்கு நோக்கித் தொடர்ந்து பொத்துவில் வரை செல்லும் ஊர்கள் நெல்லையும் கடலையும் வணிகத்தையும் நம்பி வாழ்பவை. அவற்றுள் மருதமுனை கைத்தறிக்குப் பெயர்பெற்றது. வீடுகள் நெருங்கியும் உறவுகள் பின்னியும் உள்ள சமூகம் இது. இருபுலனற்ற ஒருவர் இங்கே தெருவில் விடப்படுவதில்லை. உம்மாவோ ராத்தாவோ மூத்தம்மாவோ அவரைப் பேணுகின்றனர். இது மதிக்கத்தக்கதே. ஆனால் பேணப்படுதல் வேறு, பேசப்படுதல் வேறு. ஊட்டி உடுத்திக் கிடத்தப்படும் ஒருவரிடம் நாள் முழுதும் எவரும் ஒரு சொல்லும் சொல்லாதிருத்தல் சாத்தியமே. குடும்பத்தின் அன்பின்மை இதற்குக் காரணமன்று. சொல்வதற்கான வழியை அக்குடும்பத்துக்கு எவரும் காட்டாமையே காரணம்.

இருபுலனிழப்பின் காரணங்களுட் சில இங்கு விதந்து கூறத்தக்கன. கருவுற்ற தாய்க்கு ஏற்படும் ருபெல்லா நோய் குழந்தையின் கண்ணையும் செவியையும் இதயத்தையும் ஒருங்கே தாக்கவல்லது. இலங்கை 1996இல் ருபெல்லாத் தடுப்பூசியை அறிமுகஞ் செய்தது; 2020இல் அந்நோயை ஒழித்த நாடாக உலக சுகாதார நிறுவனத்தால் ஏற்றுக்கொள்ளப்பட்டது. பொதுச் சுகாதாரத்துறையின் இவ்வெற்றி, இருபுலனிழப்பு விதியின் விளைவன்று என்பதற்கு நல்ல சான்றாகும். ஆயின் அதற்கு முன் பிறந்தோர் இன்றும் வாழ்கின்றனர்.

அஷர் நோய்த்தொகுதி எனப்படுவது பரம்பரை வழிப்பட்டது. செவிக் குறைபாட்டுடன் பிறக்கும் பிள்ளைக்கு, அதன் பொதுவான வகைகளில், பதின்பருவத்தை அண்டி மாலைக்கண் தோன்றுகின்றது; பின்னர்ப் பார்வையின் ஓரங்கள் சிறிது சிறிதாக ஒடுங்குகின்றன. தாய், தந்தை ஆகிய இருவர் வழியிலும் ஒரே குறைபாடு வந்து சேரும்போதே இது வெளிப்படும். எனவே நெருங்கிய உறவுக்குள் மணமுடிக்கும் வழக்கமுள்ள சமூகங்களில் இதற்கான வாய்ப்புக் கூடுகின்றது. தமிழரிடையேயும் முஸ்லிம்களிடையேயும் மச்சான் முறைத் திருமணம் நெடுங்காலமாக நிலவிவரும் கீழ்மாகாணத்தில் இதனைக் கருத்திற் கொள்ளல் வேண்டும். எவரையும் குற்றஞ்சாட்டுவதற்கு இதனைக் கூறவில்லை. செவிப்புலனற்ற பிள்ளையொன்று மங்கற் பொழுதில் வாசற்படியில் இடறத் தொடங்கினால், அதனைக் கவனக்குறைவென்று கண்டியாது கண் மருத்துவரிடம் காட்டவேண்டும் என்பதற்காகவே கூறப்படுகின்றது. பார்வை எஞ்சியிருக்கும் அந்தச் சில ஆண்டுகளே தொடுமொழியையும் பிரெயிலையும் எளிதிற் கற்பிக்கத்தக்க ஆண்டுகளாகும்.

இவற்றுக்கும் மேலாக, முதுமையில் இரு புலன்களும் மெல்ல மங்குவோரே தொகையால் மிகுந்தவர். அவர்களை நாம் நோயாளரென்றும் கருதுவதில்லை, மாணவரென்றும் கருதுவதில்லை.

3. கரண்டியிலிருந்து விரிவுரை மண்டபம் வரை

இத்துறையின் வரலாற்றில் ஹெலன் கெல்லரின் பெயர் எல்லோரும் அறிந்தது. அவருக்கு ஐம்பது ஆண்டுகள் முன்னரே, 1837இல், லோரா பிரிட்ஜ்மன் என்னும் சிறுமி அமெரிக்காவின் பொஸ்டன் நகரிலுள்ள பாடசாலையொன்றிற் சேர்க்கப்பட்டார். ஆசிரியர் சாமுவேல் ஹோவ், கரண்டி, சாவி முதலிய அன்றாடப் பொருள்களின் மீது மேடெழுத்துப் பெயர்களை ஒட்டி அவருக்கு மொழியைக் கற்பித்தார். எனினும் இவை தனியாட்களின் அதிசயங்களாகவே பேசப்பட்டன. இருபுலனற்றோர் கல்வியை ஒரு சமூகத் திட்டமாக நோக்கிய முயற்சிகளுள் சோவியத் நாட்டில் நடைபெற்றது சிறப்பாக ஆராயத்தக்கது.

ஐவன் சொக்கொலியான்ஸ்கியும் அவருடைய மாணவர் அலெக்சாந்தர் மெஷ்செரியாக்கொவும் வகுத்த முறையில், மொஸ்கோவுக்கு அண்மையிலுள்ள சகோர்ஸ்க் நகரில் 1963இல் பாடசாலையொன்று தொடங்கப்பட்டது. அங்கு முதற்பாடம் எழுத்தன்று, கரண்டி. ஆசிரியர் பிள்ளையின் கையைப் பற்றிக் கரண்டியைப் பிடிக்கச் செய்து, உணவை அள்ளி, வாய்க்குக் கொண்டு செல்வார். இயக்கம் முழுதும் முதலில் ஆசிரியருடையது. பிள்ளையின் கையில் இம்மியளவு சொந்த முயற்சி தோன்றியவுடன் ஆசிரியர் அவ்வளவிற்குத் தமது பிடியைத் தளர்த்துவார். முயற்சி வளர வளரப் பிடி தளரும். மனிதர் ஆக்கிய பொருளொன்றை மனிதர் பயன்படுத்தும் முறையிலே பயன்படுத்தக் கற்கும்போது பிள்ளையின் சிந்தனை உருப்பெறுகின்றது; சைகையும் சொல்லும் அதன்பின் வருகின்றன என்பது அவர்களின் கொள்கை.

இப்பாடசாலையைச் சேர்ந்த நால்வர் 1971இல் மொஸ்கோ பல்கலைக்கழகத்தின் உளவியற் பீடத்திற் சேர்ந்து 1977இற் பட்டம் பெற்றனர். சகோர்ஸ்கிற் பயன்பட்ட கருவிகளுள் ஒன்று, ஆசிரியர் விசைப்பலகையில் தட்டும் எழுத்து மாணவர் ஒவ்வொருவரின் விரலடியிலும் பிரெயிற் புள்ளிகளாக மேலெழும் வண்ணம் அமைக்கப்பட்டிருந்தது. இன்றைய பிரெயில் வரிக்கருவிகளின் கருத்து அதிலே தெளிவாக உள்ளது.

இச்சோதனையை மிகைப்படுத்தலும் தவறாகும். நால்வருள் ஒருவரான அலெக்சாந்தர் சுவோரொவ் மூன்றாம் வயதிற் பார்வையையும் ஒன்பதாம் வயதிலேயே கேள்வியையும் இழந்தவர். பேச்சுமொழி முன்னரே அவரிடம் வேரூன்றியிருந்தது. ஆதலின், எதுவுமற்ற வெறுமையிலிருந்து சமூகமே மனத்தை முற்றாகப் படைத்துவிட்டது என்று அக்காலத்தில் எழுந்த வாதத்தைப் பின்வந்தோர் சிலர் மறுத்துள்ளனர். அம்மறுப்பை ஏற்றுக்கொண்ட பின்னரும் ஒன்று எஞ்சி நிற்கின்றது. கருவி அங்கே இறுதியில் வந்தது. அதற்கு முன் ஆண்டுக்கணக்கான கைப்பழக்கமும் மொழியும், அவற்றைக் கற்பிப்பதையே தொழிலாகக் கொண்ட ஆசிரியர்களும் இருந்தனர்.

நமக்கு அண்மையில், மும்பையில் 1977இல் நிறுவப்பட்ட ஹெலன் கெல்லர் நிறுவனமும், 1997இல் அகமதாபாத்தைத் தலைமையிடமாகக் கொண்டு தொடங்கிய சென்ஸ் இன்டர்நேஷனல் இந்தியாவும் இவ்வனுபவத்தை இந்தியச் சூழலுக்கு ஏற்ப விரித்துள்ளன. இவற்றுட் பின்னது உள்ளூர் அமைப்புகளுடன் இணைந்து, பிள்ளை பாடசாலைக்கு வர இயலாவிடின் ஆசிரியர் வீட்டுக்குச் செல்லும் முறையைப் பின்பற்றி வருகின்றது. கல்முனையிலிருந்து தலைநகர் 300 கிலோமீற்றருக்கு அப்பாற்பட்டது என்பதை எண்ணுமிடத்து, நமக்கு ஏற்றது இம்முறையே எனலாம்.

4. தமிழ் விரலுக்கு எட்டும் வகை

சகோர்ஸ்க் அனுபவத்தை நம்மிடம் கொணர முயலும்போது எழும் முதல் வினா மொழி பற்றியதாகும். இருபுலனற்றோர்க்குரிய கருவிகள் யாவும் ஆங்கிலத்தை வேண்டுவன என்ற எண்ணம் கற்றோரிடையேயும் நிலவுகின்றது. இது பிழையானது. 1951இல் யுனெஸ்கோவின் ஆதரவில் பெய்ரூத்தில் நடைபெற்ற மாநாட்டை அடுத்து, இந்திய உபகண்டத்து மொழிகளுக்குப் பொதுவான பிரெயில் ஒழுங்கு உருவாயிற்று. தமிழ்ப் பிரெயில் அதன் ஓர் உறுப்பாகும்.

பிரெயிற் கட்டமொன்றில் ஆறு புள்ளிகள் உள்ளன. அவற்றிலிருந்து 63 வடிவங்களைப் பெறலாம். அச்செழுத்தில் 247ஆக விரியும் தமிழ் நெடுங்கணக்கு இங்கே சுருங்கிவிடுகின்றது. உயிர் 12, மெய் 18, ஆய்தம் ஒன்று ஆகியவற்றுக்கும் மெய்யின் புள்ளிக்கும் உரிய வடிவங்களைக் கற்றால் தமிழ்ச் சொற்கள் அனைத்தையும் எழுதலாம். உயிர்மெய்க்கெனத் தனி வடிவம் இல்லை. முதலில் மெய்க்குரிய கட்டமும் அடுத்து உயிருக்குரிய கட்டமும் வருகின்றன. அச்சில் ‘கெ’ என்று எழுதும்போது கொம்பு முன்னே நிற்கின்றது. ‘கொ’ என்னும்போது குறிகள் இருபுறமும் நிற்கின்றன. பிரெயிலில் இக்குழப்பம் இல்லை. மெய்யை அடுத்தே உயிர் ஒலிக்கும் என்னும் நம் இலக்கணிகளின் கொள்கையை அச்செழுத்தைக் காட்டிலும் பிரெயில் நேர்மையாகப் பின்பற்றுகின்றது. ‘உம்மா’ என்னும் சொல் ஐந்து கட்டங்களில் அமையும்: உகரத்துக்கு ஒன்று, புள்ளியுடன் கூடிய மகரத்துக்கு இரண்டு, மகரத்துக்கும் ஆகாரத்துக்கும் இரண்டு.

ஒரு மொழி தன் வரிவடிவத்தை மாற்றிக்கொள்ளலாம் என்பது இக்கரையோர மக்களுக்குப் புதிய செய்தியன்று. தமிழை அறபு எழுத்தில் எழுதிய அறபுத்தமிழ் மரபு இவர்களின் முன்னோருடையது. வீட்டுப் பெண்கள் பலர் அவ்வெழுத்தின் வழியாகவே மார்க்க நூல்களைக் கற்றனர். அன்று மொழி மாறவில்லை, எழுத்தே மாறியது. பிரெயிலும் அத்தகையதோர் எழுத்து மாற்றமே. அறபுக்கும் பிரெயில் உண்டு. குர்ஆன் பிரெயிலில் அச்சிடப்பட்டுள்ளது. அறபுப் பிரெயில் அச்செழுத்தைப் போலன்றி இடமிருந்து வலமாகவே செல்வது. ஆகவே தமிழ் வரியில் ஓடப் பழகிய விரல் அதனைப் படிக்கத் திசை மாற்றிப் பழக வேண்டியதில்லை.

ஆயினும் எழுத்துக்கு முன் தொடுமொழி வேண்டும். உள்ளங்கையில் விரலால் எழுத்தை வரைதல், விரல்களின் நுனியையும் கணுவையும் எழுத்துகளாகக் கொண்டு தொட்டுரைத்தல், சைகை மொழியைக் கைக்குள் கைவைத்து உணர்த்துதல் எனப் பல முறைகள் உலகில் உள்ளன. முன்னர்ப் படித்துப் பின்னர்ப் புலனிழந்த முதியவருக்கு உள்ளங்கை எழுத்து உடனே பயன்படும். அதற்கு ஆசிரியரும் தேவையில்லை, கருவியும் தேவையில்லை. செவிப்புலனின்றிப் பிறந்து பின்னர்ப் பார்வை இழந்தவருக்குக் கைவழிச் சைகையே பொருந்தும். பிறவியிலேயே இரண்டும் இழந்த பிள்ளைக்குப் பொருள்களே முதற்சொற்கள். குளியலுக்கு முன் சவர்க்காரத்தையும், உணவுக்கு முன் கோப்பையையும் தவறாது தொடக் கொடுத்தால் அவை வரப்போவதை அறிவிக்கும் குறிகளாகின்றன. உம்மாவை அவருடைய வளையலாலும் வாப்பாவை அவருடைய தாடியாலும் பிள்ளை அறியும்.

5. கருவிகளைக் கற்பிக்கும் ஒழுங்கு

இன்று கிடைக்கும் முதன்மையான கருவி, ஏறியிறங்கும் புள்ளிகளையுடைய பிரெயில் வரிக்கருவியாகும். கணினியிலோ கைப்பேசியிலோ உள்ள எழுத்து அதன் வரியிற் புள்ளிகளாக எழும். ஒரு விசையை அழுத்தினால் அடுத்த பகுதி எழும். அதன் ஆறு விசைகள் ஆறு புள்ளிகளுக்குரியன: இடக்கையின் சுட்டு, நடு, மோதிர விரல்கள் முதல் மூன்றுக்கும், வலக்கையின் அவ்விரல்கள் அடுத்த மூன்றுக்கும் உரியன. அவுஸ்திரேலியாவில் 2006இல் தொடங்கப்பெற்ற என்.வி.டி.ஏ. என்னும் இலவசத் திரைவாசிப்பான் இத்தகைய கருவிகளோடு இயங்கவல்லது. அது பயன்படுத்தும் பிரெயில் மாற்று மென்பொருளில் தமிழுக்கும் இடமுண்டு.

இதனைக் கற்பிக்கும்போது ஆசிரியர் தம் கையை மாணவர் கையின் மேல் வைத்து அழுத்தலாகாது. ஆசிரியர் கை கீழேயும் மாணவர் கை மேலேயும் இருத்தல் வேண்டும். கண்ணுள்ளவர் விரும்பாதபோது முகத்தைத் திருப்பிக்கொள்ளலாம். இருபுலனற்றவருக்குக் கையை எடுத்துக்கொள்வதே முகத்தைத் திருப்புதலாகும். அச்சுதந்திரத்தைப் பறித்தபடி எதனையும் கற்பிக்க இயலாது. முதலிற் கருவி முழுவதையும் மாணவர் தடவி அறிதல், பின் ஒரு விசை, பின் ஓரெழுத்து, பின் தமக்கு வேண்டிய ஒரு சொல் என்றவாறு பாடம் செல்லல் வேண்டும். அச்சொல் பாடநூலிலிருந்து வரலாகாது. ‘தேநீர்’ என்று எழுதினால் தேநீர் வருதல் வேண்டும். எழுதியது உலகை அசைக்கின்றது என்று கண்டவர் அடுத்த சொல்லைத் தாமே கேட்பார்.

சுற்றியிருப்போரும் கற்றல் வேண்டும். இருபது கட்டங்கள் கொண்ட கருவியில் மூன்று நான்கு சிறு சொற்களே ஒருமுறையில் அடங்கும். ஆதலின் மகனோ மருமகளோ கைப்பேசியில் அனுப்பும் செய்தி குறுகிய வாக்கியங்களாகவும், ஆங்கில எழுத்தில் அமைந்த தமிழாகவன்றித் தமிழெழுத்திலும் இருத்தல் நன்று.

விலை பற்றிய வினா ஒதுக்கத்தக்கதன்று. நுண்பளிங்குத் தகடுகளால் இயங்கும் பழைய வகைக் கருவிகள் ஆயிரக்கணக்கான டொலர் பெறுமதியானவை. 2016இல் அறிமுகமான இருபது கட்ட ஓர்பிட் ரீடர் போன்றவை சில நூறு டொலருக்கு அதனைக் குறைத்தன. ஆனால் 2022இல் இலங்கை ரூபாவின் பெறுமதி வீழ்ந்தபோது டொலரொன்று ஏறத்தாழ 200 ரூபாவிலிருந்து சில மாதங்களுள் 360 ரூபாவை எட்டியது. உலகச் சந்தையில் மலிந்த கருவி நெசவாளியின் வீட்டுக்கு எட்டாத உயரத்துக்கே மீண்டும் சென்றது. எனவே சட்டகமும் எழுத்தாணியும் கொண்டு தடித்த தாளிற் பிரெயில் எழுதும் பழைய முறை இன்றும் கைவிடத்தக்கதன்று. தாளிற் படித்த விரலே பின்னர்க் கருவியிலும் படிக்கும். தாளிற் படியாத விரலுக்கு விலையுயர்ந்த கருவியும் ஊமையே. விழாவெடுத்து வழங்கப்பட்டுப் பின் அலுமாரியில் உறங்கும் அன்பளிப்புக் கருவிகள் இவ்வுண்மையை மறந்ததன் விளைவுகள்.

6. முதுகில் ஒரு குறி

2004ஆம் ஆண்டு திசெம்பர் 26இல் ஆழிப்பேரலை அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கு மேற்பட்டோரின் உயிரைக் கவர்ந்தது. அதன் பின் நம் கரையோரங்களில் எச்சரிக்கைக் கோபுரங்கள் எழுந்தன. அவை ஒலியெழுப்புவன. இருபுலனற்றவருக்கு அவ்வொலி இல்லை. மக்கள் ஓடும் காட்சியும் இல்லை. திடீரெனக் கைகள் பற்றி இழுக்கும்போது அவர் எதிர்த்து நின்றால் அது இயல்பே; இழுப்பவர் யாரென்றும் ஏனென்றும் அவர் அறியார்.

இதற்கு இருபுலனற்றோர் அமைப்புகள் பரப்பிய எளிய வழியொன்று உண்டு. அவருடைய முதுகில் விரலாற் பெரியதொரு பெருக்கற் குறியை இடுதல் வேண்டும். ‘ஆபத்து, விளக்கம் பின்னர், இப்போது என்னுடன் வருக’ என்பது அதன் பொருள். இதற்குப் பணமோ மின்சாரமோ வேண்டியதில்லை. ஆனால் இடுபவருக்கும் பெறுபவருக்கும் அதன் பொருள் முன்பே தெரிந்திருத்தல் வேண்டும். ஊரில் ஒருவருமே அறியாத குறி குறியாகாது. தொழில்நுட்பம் என்பது முதலிற் பொருளன்று, பலர் பகிர்ந்துகொண்ட அறிவு என்பதை இதனினும் சுருக்கமாக விளக்குதல் அரிது.

7. முடிவுரை

இலங்கை 1996இன் 28ஆம் இலக்கச் சட்டத்தால் ஊனமுற்றோர் உரிமைகளை ஏற்றது. ஐக்கிய நாடுகளின் ஊனமுற்றோர் உரிமைச் சமவாயத்தை 2016இல் உறுதிப்படுத்தியது. அச்சமவாயத்தின் 24ஆம் உறுப்புரை, இருபுலனற்ற பிள்ளைகளைப் பெயர் சுட்டி, அவர்களுக்கு மிகப் பொருத்தமான மொழியிலும் முறையிலும் கல்வி வழங்கப்படல் வேண்டும் என்கின்றது. இந்தியாவின் 2016ஆம் ஆண்டுச் சட்டமும் இருபுலனிழப்பைப் பெயர் குறித்துச் சுட்டியுள்ளது. பெயரிடப்படாதவர் எண்ணப்படார், எண்ணப்படாதவருக்கு ஆசிரியர் நியமிக்கப்படார். கண்ணுக்கு ஒரு நிரலும் செவிக்கு ஒரு நிரலுமாகக் கணக்கிடும்போது இருபுலனற்றவர் இரு நிரல்களிலும் தோன்றி, ஒருவராக எங்கும் தோன்றாது போகின்றார்.

ஆகவே கல்முனைக் கரையோரத்தில் முதலில் வேண்டப்படுவது கருவிக் களஞ்சியமன்று. வீடு வீடாகச் சென்று இருபுலனற்றோரை அறிந்து, குடும்பத்துக்குத் தொடுமொழியையும் மாணவருக்குத் தமிழ்ப் பிரெயிலையும் கற்பிக்கவல்ல, ஊதியம் பெறும் உள்ளூர் ஆசிரியர் ஒருவரே முதற்றேவை. ஒலுவிலிற் பல்கலைக்கழகமொன்று உள்ளது. இவ்வாசிரியரைப் பயிற்றும் பொறுப்பும், இங்கு வழங்கும் தமிழுக்குரிய தொடுமொழிக் குறிகளைத் தொகுக்கும் பணியும் அதற்கு அப்பாற்பட்டனவல்ல. கருவி அதன்பின் வரட்டும். சகோர்ஸ்கில் அது கரண்டிக்குப் பின்னரே வந்தது.

மருதமுனையில் அறுந்த பாவு நூலை நெசவாளியின் விரல் கண்ணின் உதவியின்றியே தேடி முடிவதுண்டு. விரலுக்கு அத்தகைய அறிவு உண்டு என்பதை இக்கரையோரம் தன் தொழிலிலே அறியும். அவ்வறிவை மொழியாக்கித் தருவது அன்பின் கடமை மட்டுமன்று. ஒரு குடிமகனுக்கு அவனுடைய உரிமையைத் திருப்பிக் கொடுத்தலுமாகும்.